பீரோ மேலிருந்த பூட்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு மூன்றாவது பக்கத்தில் விஷயத்துக்கு வருவது என் வழக்கம். இன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை. உன் பையில் தொங்கிக்கொண்டிருக்கும் பூட்ஸ் புதியது இல்லை. மூன்று வாரமாக நீ ஆபீஸ் போன பிறகு அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நான்தான் நடந்தேன். அது என் காலுக்குப் பழகியிருக்கிறது, உன் காலுக்கு இல்லை. வியாழக்கிழமை காலையில் அதை மாட்டிக்கொண்டு நீ டில்லிக்கு அப்பால் மலை ஏறப்போகிறாய். இதை நேற்று சென்ட்ரல் ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் “தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா” என்றுதான் வந்தது. நீயும் மூன்று முறை எடுத்துக் காட்டினாய்.

இன்று திங்கட்கிழமை. லேபில் காலை நேரத்து ரத்தமெல்லாம் எடுத்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இப்போது எங்கேயோ ஆந்திராவைத் தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து உன் ஆபீஸ் கும்பலோடு சீட்டு ஆடிக்கொண்டிருப்பாய். ஆடு. ஆனால் இதை முழுக்கப் படி.

போன மாதம் பாண்டி பஜாரில் நான் உன்னைப் படுத்திய பாடு உனக்கு மறந்திருக்காது. காலையில் கூட்டம் இருக்காது, போய் வாங்கிவிடலாம் என்றாய். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தீபாவளிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போனோம். நாள் முழுக்க நடந்து கொஞ்சம் உப்பிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்; எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆம்பூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு, எங்கேயோ ஒரு தையல் கோணல் என்று இங்கேயே தங்கிவிட்டது என்று சொன்னார் கடைக்காரர். “லேடீஸுக்கு இந்த ஐட்டமே வர்றதில்லமா. ஜென்ட்ஸ்ல சின்ன சைஸு நாலு ஜோடி கீது, போட்டுப் பாருங்க” என்றார். நாலையும் இறக்க வைத்தேன். இரண்டு ஜோடி சாக்ஸ் போட வைத்து, குதிகாலுக்குப் பின்னால் என் விரலை விட்டுப் பார்த்து, கடை மாடிப்படியில் உன்னை ஆறு முறை ஏற்றி இறக்கினேன். இறங்கும்போது விரல் நுனி முன்னால் இடிக்கிறதா, இடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “இன்னாமா, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க” என்று அவர் அலுத்துக்கொண்டார். நீ சிரித்தாய். “அம்மா, மலையே இறங்கிட்டேன், போதுமா?” என்றாய்.

அந்த ஜோடி உன் காலுக்குச் சரியாகத்தான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நீ என்ன செய்தாய்? பெட்டியைத் திரும்பக் கட்டி, பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பீரோ மேல் வைத்தாய். “கிளம்புற அன்னைக்குப் புதுசாப் போட்டுக்கறேம்மா” என்றாய். உன்மேல் தப்பு சொல்ல முடியாது, நான் வளர்த்த வளர்ப்பு. நம் வீட்டில் புதுசு எதுவானாலும் நல்ல நாள் பார்த்துத்தான் தெருவைப் பார்க்கும். புதுக் குடை நனைந்துவிடக் கூடாது என்று மழையில் பழைய குடையை எடுத்துக்கொண்டு போனவள் நான். “ஆபீஸுக்குப் போட்டுக்கிட்டுப் போயேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “சுடிதாருக்குக் கீழ இதைப் போட்டா போலீஸ் வந்துடுச்சுன்னு ஓடுவாங்கம்மா” என்றாய். ஏன் சொல்கிறேன் என்பதைச் சொன்னால் நீ கேட்டிருப்பாய். அதைச் சொல்ல எட்டு வருடமாக எனக்கு நாக்கு எழவில்லை.

உன் சங்கர் மாமாவைப் பற்றித்தான் சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு நம்மோடு அபிராமபுரம் வீட்டுக்கே வந்து, பன்னிரண்டு வருடம் உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட என் தம்பி. பேங்க் நண்பர்களோடு கொடைக்கானலுக்கு மேலே காட்டுப் பாதையில் மூன்று நாள் நடக்கப் போனான், பாறையில் வழுக்கி விழுந்தான், விதி. உனக்குப் பதினைந்து வயதில் இவ்வளவுதான் சொன்னேன். எல்லோருக்கும் இவ்வளவுதான் சொன்னேன். விழுந்தது உண்மை. மற்றதை இப்போது சொல்கிறேன்.

அவனும் இதே மாதிரி ஒரு ஜோடி வாங்கினான். முதல் பூட்ஸ். காலையில் கடை திறந்தவுடன் போய், மெல்லிய ஆபீஸ் சாக்ஸோடு அளவு பார்த்து வாங்கினான். கிளம்ப ஒரு மாதம் இருந்தது. மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினான். நான்தான் வாசலில் மறித்தேன். “புதுசைப் போட்டுத் தேச்சிடாதடா. கிளம்புறது வெள்ளிக்கிழமை, நல்ல நாள், அன்னைக்குப் போட்டுக்க” என்றேன். “இல்லக்கா, முன்னாடியே போட்டுப் பழக்கணும்னு கடைக்காரன் சொன்னான்” என்றான். “கடைக்காரனுக்கு என்ன, தேஞ்சா இன்னொண்ணு விப்பான்” என்றேன். அவன் என்னிடம் எதிர்த்துப் பேசவே மாட்டான். கழற்றிக் கொடுத்தான். நான் துடைத்து, பெட்டியில் போட்டு, பீரோ மேல் வைத்தேன். ஒரு மாதம் அங்கேயே இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவன் பின்தங்கினான் என்று அவன் நண்பர்கள் சொன்னார்கள். “நீங்க போய்க்கிட்டே இருங்கடா, நான் மெதுவா வரேன்” என்று சொன்னானாம். அவர்கள் போனார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அப்படிச் சொன்னால் யாருமே போவார்கள். அதற்குப் பிறகு பனி இறங்கிவிட்டது. மறுநாள் வனக்காவலர்கள் கீழே பள்ளத்தில் கண்டுபிடித்தபோது அவன் காலில் வெறும் சாக்ஸ்தான் இருந்தது. பூட்ஸ் இரண்டும் கயிற்றால் முடியப்பட்டு அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வலி தாங்காமல் உட்கார்ந்து கழற்றியிருக்கிறான். கழற்றியதும் வீங்கிய கால் மறுபடி உள்ளே போகவில்லை. பாசி பிடித்த பாறையில் சாக்ஸோடு நடந்திருக்கிறான்.

இனி எழுதுவது அவர்கள் சொன்னதில்லை, நானாகத் தெரிந்துகொண்டது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கோணிப்பையில் போட்டு அந்த பூட்ஸை என் கையில் கொடுத்தார்கள். அடிப்பாகம் கடையில் இருந்தது போலவே இருந்தது, கோடுகூடத் தேயவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான். எது எப்போது காய்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடியில் கறுத்துப் பொருக்குத் தட்டியது ஒன்று, அதற்கு மேல் சிவப்பு மாறாதது ஒன்று. முதல் நாளே அவன் குதிகால் கிழிந்திருக்கிறது. அன்று இரவு யாரிடமும் சொல்லாமல் படுத்து, காலையில் எழுந்து மறுபடி அதற்குள்ளேயே காலை நுழைத்திருக்கிறான். எனக்கு அங்கேயே கதற வேண்டும் போலிருந்தது. போலீஸ்காரர் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் மயிலாப்பூர் கோயில் வாசலில், செருப்புக் குவியலோடு விட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பினேன். கோயிலில் செருப்பு தொலைந்தால் பீடை தொலையும் என்பார்களே, அதுதான். அடுத்த நாள் போய்ப் பார்த்தேன், இல்லை. யாரோ நல்ல பூட்ஸ் என்று எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் போனால் போகிறவர் வருகிறவர் காலைத்தான் பார்க்கிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது போல, அதற்குப் பிறகுதான் பூட்ஸைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தேன். லேபுக்குச் சர்க்கரை பார்க்க வரும் ரிட்டயர்டு ராணுவக்காரர் ஒருவர் எல்லாம் சொல்லித்தந்தார். “புது பூட்ஸ் நம்ம பேச்சைக் கேக்க ஒரு மாசம் ஆகும்மா, அதுவரைக்கும் அது சொல்றதைத்தான் நாம கேக்கணும்” என்றார். அதனால்தான் உன் பெட்டி பீரோ மேல் ஏறியதும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. உன் கால் அளவும் என் கால் அளவும் ஒன்றுதானே என்று ஒரு யோசனை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவேன், இரண்டு சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். காயப்போட்ட துணிக்கு நடுவே, உச்சி வெயிலில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நூறு சுற்று. “மாடியில என்னங்க, மாவு மிஷின் ஏதாவது வாங்கிப் போட்டிருக்கீங்களா?” என்று கீழ்வீட்டு அம்மா வந்து கேட்டுவிட்டாள். நீ வருவதற்குள் துடைத்து, பழையபடி கட்டி, பீரோ மேல் வைத்துவிடுவேன். அந்த மூன்று வாரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சங்கருக்குச் செய்யாததை உனக்குச் செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், என் தொல்லை தாங்காமல் அதை ஒருமுறை மாட்டிப் பார்த்தாய். “அம்மா, புதுசே எவ்ளோ மெத்துனு இருக்கு பாரேன். இதைப் பழக்கவே வேணாம்” என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டாய். நீ குளிக்கப் போனதும் நான் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். என் வலது கட்டைவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த இடத்தில் தோல் குழிந்திருந்தது. குதிகாலில் உள்துணி மடிந்து ஒரு வரம்பு கட்டியிருந்தது. எனக்கு அங்கே காய்த்துப் போன தோல், அதனால் தெரியவில்லை. உன் குதிகாலுக்கு அது போதும். இரண்டு நிமிடத்தில் தெரியாது, மூன்று மணி நேரத்தில் தெரியும்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் இருந்தது, வேறு ஜோடி வாங்கியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் சங்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது பாதிக் காரணம். மீதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். முதல் நாளே கடித்தால் திரும்பி வந்துவிடுவாள் என்று ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. அதை நான் விரட்டவில்லை. ஒரு வாரம் அதோடு சாப்பிட்டேன், தூங்கினேன், உனக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொடுத்தேன்.

ஆனால் நீ திரும்பி வருகிற ஜாதி இல்லை. ஏழாவது படிக்கும்போது கான்வாஸ் ஷூ சின்னதாகிவிட்டதை வாயே திறக்காமல் ஒரு டெர்ம் முழுக்கப் போட்டு, ஓட்டப் பந்தயத்திலும் ஓடி, இரண்டு கால் நகமும் கறுத்து விழுந்த பிறகுதானே எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு “ஒண்ணும் வலிக்கலம்மா” என்றாய். அதே குரல்தான் அவனுக்கும். நம் குடும்பத்தில் வலியைச் சொல்வது கௌரவக் குறைச்சல். அந்தக் கௌரவத்தை இந்த ஒருமுறை விட்டுவிடு. கால் உறுத்த ஆரம்பித்ததும் சொல், கிழிந்த பிறகு சொல்லாதே. கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும், எரிச்சல்படட்டும், ஒருத்தியால் கெட்டது என்று பேசட்டும். “நீங்க போங்க, நான் வரேன்” என்று மட்டும் சொல்லாதே. நேற்று ரயில் நகரும்போது நீ செருப்புப் போட்டுக்கொண்டு, பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் முடிந்து பையில் தொங்கவிட்டிருந்தாய். கையசைத்தபோது அது உன் தோளில் இடித்து இடித்து ஆடியது. நான் கை காட்டினேனா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை.

இதுவரை திங்கட்கிழமை எழுதியது. ஸ்பீட் போஸ்ட்டில் கேட்டேன், டில்லி வரைக்கும் சொல்லலாம், மலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். செவ்வாயும் புதனும் லேபுக்கு லீவு போட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ எழுதி வைத்துவிட்டுப் போன லாட்ஜ் நம்பர் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் புதன் மத்தியானம் தந்தி ஆபீஸுக்குப் போனேன். “உன் பூட்ஸ் நான் போட்டு நடந்தது, உன் காலுக்கு ஆகாது, அதைப் போட்டு ஏறாதே” என்று அந்த லாட்ஜ் விலாசத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏம்மா, ஷூ விஷயத்துக்கா தந்தி? மலை மேல இருக்கற ஆபீஸு. இதைப் பாத்துட்டு நாளைக்குக் குடுத்துக்கலாம்னு ஓரமா வெச்சுடுவான். சீரியஸ்னு ஒரு வார்த்தை இருந்தாத்தான் கையில எடுத்துக்கிட்டு ஓடுவான்” என்றார்.

எழுதியதைக் கிழித்தேன். இன்னொரு ஃபாரம் வாங்கி, மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி என்று எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் கல்யாணத்துக்கு மசியாத எத்தனை பிள்ளைகளை இந்தத் தந்தி இழுத்து வந்திருக்கிறது. பொய்யாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் எல்லோரும் ஓடித்தான் வருவார்கள். நீயும் வருவாய், வந்து என்னைத் திட்டுவாய், பேசாமல் இருப்பாய், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். வருகிற வழியில் கீரை வாங்கினேன். மூன்று நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கீழே பால் பொங்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைக்க அவசரமாகப் படி இறங்கினேன். கால் செருப்புக்குள் முன்னால் தள்ளி, நான்காவது படியில் தடுக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தந்தி நேற்றே உன் கைக்கு வந்திருந்தால் நீ நேராக பஸ் ஏறியிருப்பாய். வராமல், நீ விடியற்காலையில் நடக்க ஆரம்பித்த பிறகு வந்திருந்தால்? லாட்ஜ்காரர் யாரையாவது பின்னாலேயே அனுப்புவார். பாதி மலையில் உன்னை நிறுத்தி, உங்க அம்மாவுக்கு சீரியஸ் என்று சொல்வார்கள். நீ அந்த இடத்திலேயே திரும்பி, அந்த பூட்ஸோடு, கீழே பார்த்து ஓட ஆரம்பிப்பாய். கால் கிழிந்தாலும் உனக்குத் தெரியாது. கூட யாராவது வந்தால்கூட அவர்களுக்காக நிற்க மாட்டாய்.

பால் தீய்ந்தது தீய்ந்தபடி இருக்க, அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். தந்தி ஆபீஸ் அப்போதுதான் திறந்தார்கள். அம்மா நலம், மெதுவாக வா என்று எழுதிக் கொடுத்தேன். அதே மனிதர்தான். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மொதல் தந்தி நேத்தே போயிடுச்சும்மா. மலையில லைன் எப்ப கெடைச்சுதுன்னு எனக்குத் தெரியாது. நேத்தே குடுத்திருக்கலாம், இன்னைக்குக் காலையில குடுத்திருக்கலாம். இது அதுக்குப் பின்னாடிதான் போகும்” என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிறேன். இங்கேயே தபாலில் சேர்த்துவிட்டு பூத்துக்குப் போவேன். இன்றைக்கு நம்பர் கிடைக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் எங்கேயோ ஓர் இடத்தில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருப்பாய். அப்படியே உட்கார்ந்திரு. எனக்கு ஒன்றும் இல்லை, பொய் சொன்னேன். ஓடாதே அம்மா.

அம்மா